படுத்துக்கொண்ட ஒட்டகச்சிவிங்கி

"ஆரம்பிச்சிட்டாளா? வாளி எங்கடி, வாளி! படிக்கட்டு நனையறதுக்குள்ள யாராவது ஒரு வாளியைக் கொண்டாந்து வைங்க!"

மாமியாரின் குரல் கீழே கடையிலிருந்து கிளம்பி, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி, மாடியின் பின்பக்கம் வந்து சேர்ந்தது. மூத்த மருமகள் அவசரமாகப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து என்ன பிரயோசனம்? அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மூன்று சுவர் தாண்டியும் இந்த வீட்டுக் காதுகளுக்குக் கேட்டுவிடும். மற்ற எதற்கும் கேட்காத காதுகள்தான்; இதற்கென்று மட்டும் எப்போதும் திறந்தே கிடக்கும்.

மணி ஏழரை. கொடியில் காயப்போட்டிருந்த படுக்கை விரிப்பை எடுக்கத்தான் வந்தாள். புது டிசைன் போட்டால், சாயம் நிற்கிறதா என்று ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டுப் பார்ப்பது அந்த வீட்டு வழக்கம். சாயம் நன்றாகத்தான் நின்றிருந்தது. நிற்காமல் போனது வேறு.

விரிப்பு முழுக்க மஞ்சள் ஒட்டகச்சிவிங்கிகள். நெருக்கியடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் மாதிரி. தலைமாட்டுப் பக்கம் மடித்துத் தைத்த ஓரத்தில் மட்டும் ஒவ்வொன்றுக்கும் கழுத்தோடு சரி. தலை இல்லை! பதினோரு கழுத்துகள் வரிசையாக நிமிர்ந்து நின்றன, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்க முடியாமல்.

"என்ன அண்ணி, காலையிலேயே மழையா?" பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வந்து நின்றான் கொழுந்தன். டிசைன் போட்டவன் அவன்தான்.

"தம்பி... இதுங்களுக்குத் தலை இல்லையே..."

"மடிப்புக்குள்ள இருக்கு அண்ணி. எங்கயும் ஓடிப் போயிடல. பிரிச்சுக் காட்டட்டுமா?" அவன் சிரித்த சிரிப்பில் பற்பசை நுரை பறந்தது.

அதற்குள் மாமியாரே ஏறி வந்துவிட்டாள். கையில் வழக்கம்போல அளவுகோல். அதைத் தூங்கும்போது மட்டும்தான் கீழே வைப்பாள் என்று கடைத்தெருவில் பேச்சு.

"ஏண்டி ஈரத்துணி! இன்னிக்கு என்ன நாள்? குழந்தைங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து தலைமை நர்ஸ் வருது. புது வார்டு. அறுபது படுக்கைக்கு விரிப்பும், சுத்தித் திரைச்சீலையும்! இந்த வருஷம் நாம நிமிர்ந்து நடக்கறதும் குனிஞ்சு நடக்கறதும் அந்த அம்மா வாயிலதான் இருக்கு. நீ என்னடான்னா காலங்காத்தால பொம்மைக்கு ஒப்பாரி வெக்கற!"

"இல்ல அத்தை... படுக்கற குழந்தையோட கண்ணு சரியா இந்த ஓரத்துலதான் வரும். அதான்..."

"படுத்தா தூங்கப் போகுதுங்க. தூங்கினா கண்ணை மூடப் போகுதுங்க. உனக்கெதுக்கு அந்தக் கவலை? இத பாரு, அவங்க போற வரைக்கும் உன் மூஞ்சி கீழ தெரியக்கூடாது. சரக்கு விக்கிற இடத்துல அழுத மூஞ்சி இருந்தா, சரக்குலதான் ஏதோ கோளாறுன்னு நினைப்பாங்க."

அவள் தலையாட்டினாள். தலையாட்டுவதில் அவளுக்கு நான்கு வருடப் பயிற்சி இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன்னால் அப்படி இல்லை. கீழே ஜன்னலோரம் ஒரு சாய்வு மேசை உண்டு. இந்த வீட்டில் விற்கும் விரிப்பு, திரைச்சீலை, தலையணை உறை எல்லாவற்றுக்கும் அங்கேதான் படம் பிறக்கும். கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதமே அந்த மேசை அவளுடையதாகிவிட்டது. யாரும் கொடுக்கவில்லை, அவள் ஒருநாள் சும்மா வரைந்ததை அச்சடித்துப் பார்த்தார்கள், போட்ட துணி கடையில் தங்கவில்லை. அவள் வேலை செய்யும் விதம் பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். வரைந்ததைத் தரையில் விரித்து, அதன் பக்கத்தில் கன்னம் தரையில் பட ஒருக்களித்துப் படுத்துக்கொள்வாள். அரைமணி நேரம் அப்படியே கிடப்பாள். சில நாள் எழுந்து வரும்போது முகம் மலர்ந்திருக்கும். சில நாள் கண்ணீரோடு வந்து, வரைந்ததைக் கிழித்துப் போடுவாள். "நல்லாத்தானே இருந்துச்சு?" என்று பதறுவார்கள். "இல்ல, உறுத்துது" என்பாள். என்ன உறுத்துகிறது என்று கேட்டால் அந்த நேரத்தில் சொல்லத் தெரியாது. அப்போதெல்லாம் மாமியார் பொறுத்துக்கொண்டாள். விற்கிற கைக்கு ஆயிரம் கிறுக்கு இருக்கலாம்.

அப்புறம் வந்தது அந்த நீலம். நானூறு மீட்டர் துணி திட்டுத்திட்டாக, தேமல் விழுந்த மாதிரி வெளியே வந்தது. சாயத்தைக் கலக்கவேண்டியவன் கொழுந்தன். பாதி கலக்கிவிட்டு, நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று பந்து விளையாடப் போய்விட்டான். அதற்கு முன்பே இரண்டு குளறுபடி செய்திருந்தான். "மூணாவது வந்துதோ, பெட்டியைக் கட்டு" என்று மாமியார் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தாள். சொன்ன சொல்லிலிருந்து இறங்கிப் பழக்கமில்லாதவள் அவள். அவன் மனைவிக்கோ அப்போது எட்டு மாதம். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்க நின்ற அந்தப் பெண்ணை மூத்தவள் பார்த்தாள். அவ்வளவுதான். "யாருடா செஞ்சது?" என்று மாமியார் கர்ஜித்தபோது அவள் வாய் தானாகத் திறந்தது.

"நான்தான் அத்தை... கலர் பக்கத்துல நின்னு அழுதேன்... கண்ணீர் விழுந்துடுச்சு..."

இதைவிட மட்டமான பொய்யை அந்தக் கடைத்தெருவில் யாரும் விற்றதில்லை. ஆனால் வாங்கிக்கொண்டார்கள்! வீட்டில் எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். அழுமூஞ்சி அழுதாள், சாயம் கெட்டது. கேட்கவே பொருத்தமாக இல்லையா? அரை விரல்கடை துணி குறைந்தால் கண்டுபிடிக்கும் மாமியார், அந்தப் பொய்யை மட்டும் அளந்தே பார்க்கவில்லை.

அன்றோடு மேசை கொழுந்தனுக்குப் போனது. அவளுக்கு அடுப்படியும், விரிப்புகளுக்கு ஓரம் அடிக்கும் தையல் மிஷினும். (இந்த ஒட்டகச்சிவிங்கி சாம்பிளை மட்டும் அவசரமென்று வெளியே தைக்கக் கொடுத்திருந்தான் கொழுந்தன்.) "ஈரத்துணி" என்ற பெயரும் அன்றைக்குத்தான் வைத்தார்கள். அவள் கணவன், வீட்டின் மூத்த பிள்ளை, துணிக்கு அச்சடிக்கும் அச்சுக்கூடத்தின் மொத்த வேலையும் தலையில் சுமப்பவன், அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவில்லை. கேட்கவும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மேசை போனதைவிட வேறொன்றுதான் அவளை அரித்தது. அந்தப் பொய்யைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அவளே பாதி நம்பத் தொடங்கிவிட்டாள். தன் அழுகை எதையாவது கெடுத்துவிடும், தான் தொட்டால் பாழ் என்று. கண் கலங்கினால் குளியலறைக்கு ஓடிக் குழாயைத் திறந்துவிடப் பழகியிருந்தாள். நான்கு வருடமாக ஒரு கோடுகூட இழுக்கவில்லை. அந்த மேசைக்கு இனி எந்த ஜென்மத்திலும் திரும்ப முடியாது என்று, பலசரக்குச் சீட்டில் எழுதுவதுபோல் மனதில் எழுதிவைத்துவிட்டாள்.

பத்து மணிக்குத் தலைமை நர்ஸ் வந்தாள். தடித்த கண்ணாடி, வெள்ளைக் காலணி, பையில் மடித்த விரிப்பு. ஒரு வாரத்துக்கு முன் வார்டில் போட்டுப் பார்க்கக் கொடுத்தனுப்பியிருந்த சாம்பிள் அது. அதை வெட்டு மேசைமேல் வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"இது வேண்டாம்மா."

மாமியார் அசரவில்லை. 'வேண்டாம்' என்பது அவள் அகராதியில் பேரத்தின் முதல் வார்த்தை. "உக்காருங்க சிஸ்டர். துணி முரடா இருக்கா?"

"நல்ல துணி."

"சாயம் போச்சா?"

"போகல."

"அப்ப விலைதான்! வாயைத் திறந்து சொல்லுங்க, நமக்குள்ள என்ன? குறைச்சுப் போட்டுக்கலாம்."

"விலையைப் பத்தி நான் பேசவே இல்லையே!"

மாமியாரின் முப்பது வருட வியாபாரத்தில் எந்தக் குறையும் கடைசியில் விலையில் வந்து இறங்காமல் இருந்ததில்லை. இந்த அம்மா எந்த ஊர்ப் பேரம் பேசுகிறாள்? கொழுந்தன் பாய்ந்து விரிப்பை உதறினான்.

"அடடா! என்ன சிஸ்டர் இது? சாம்பிளைப் பாழாக்கிட்டீங்களே! பசை ஒட்டினா போகவே போகாது!"

அதே நேரம் மாடியில் சின்ன மருமகளின் பையன் எதையோ உருட்டிவிட்டு வீறிட்டான். "அக்கா, நீங்க கீழ மட்டும் இந்தத் தட்டைக் கொடுத்துடுங்க!" என்று டீத் தட்டை மூத்தவள் கையில் திணித்துவிட்டு அவள் ஓடினாள். வாசல் திரை வரைக்கும் போய் வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் மூத்தவள் இறங்கினாள். திரையின் இடுக்கில் விரிப்புத் தெரிந்தது.

தலைமாட்டு ஓரம். தலையில்லாத பதினோரு கழுத்துகள். ஒவ்வொரு கழுத்து நுனியிலும் புண்ணுக்குப் போடும் பிளாஸ்திரி, சின்னச் சின்னதாகக் கிழித்து, நேராக ஒட்டவும் தெரியாமல், கோணலாக ஒட்டியிருந்தது.

தட்டில் கோப்பைகள் கிணுகிணுத்தன. எல்லாரும் திரும்பினார்கள். அவள் அங்கேயே நின்று, மறைக்கவும் முடியாமல், தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள்.

"ஏய்! உன்னை யாருடி இங்க வரச் சொன்னது?" மாமியார் பல்லைக் கடித்தாள். "மன்னிச்சுக்குங்க சிஸ்டர். இது எங்க மூத்த மருமக. இப்படித்தான், காத்தடிச்சாக்கூட அழும்..."

"அத்தை... அந்தக் குழந்தை... வைத்தியம் பாத்திருக்கு அத்தை..."

நர்ஸ் கண்ணாடியைக் கழற்றினாள். அவள் முகத்திலிருந்த கறார் எங்கோ போயிற்று.

"ஆறு வயசுப் பொண்ணு" என்றாள் மெல்ல. "மூணு நாளா மருந்து வண்டியிலேர்ந்து பிளாஸ்திரி காணாமப் போச்சு. யாரு எடுக்கறான்னு ஒருத்தரையொருத்தர் திட்டிக்கிட்டோம். பாத்தா இவ! ஏம்மான்னு கேட்டா, 'இதுங்களுக்கு வலிக்குது, நீங்க யாரும் பாக்கவே இல்ல'ன்னா... டாக்டர்கிட்டச் சொன்னேன், 'அது பெட்ஷீட்டும்மா'ன்னார். உங்ககிட்டச் சொன்னா விலைங்கறீங்க. எனக்கும் விளக்கத் தெரியல. நான் சொல்லாமலே புரிஞ்சுக்கிட்ட முதல் ஆள் இந்தப் பொண்ணுதான்."

மூத்தவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஓடிவிட வேண்டும் என்று கால்கள் சொன்னன. கண்கள் அந்த விரிப்பை விடவில்லை.

"சிஸ்டர்... கொஞ்சம் இந்த மேசை மேல படுக்கறீங்களா?"

"ஐயோ, கஸ்டமரைப் படுக்கச் சொல்றாளே!" மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "டேய் பெரியவனே, உன் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போடா!"

அச்சுக்கூடத்திலிருந்து கணவன் வந்து நின்றான். ஆனால் நர்ஸ் அதற்குள் காலணியைக் கழற்றிவிட்டு மேசைமேல் ஏறிப் படுத்துவிட்டாள். மூத்தவள் விரிப்பை இழுத்து அவள் கன்னத்தருகே கொண்டுவந்தாள்.

"இப்பப் பாருங்க. நாங்க எல்லாரும் இதை நின்னுக்கிட்டுப் பாத்தோம். நின்னு பாத்தா எதுவும் அழகாத்தான் தெரியும். அந்தக் குழந்தைங்க நாள் முழுக்கப் படுத்துக்கிட்டுதானே பாக்கும்? கண்ணைத் திறந்தா முதல்ல இந்தக் கழுத்துதான். அதுவும் இவ்வளவு கூட்டமா இருந்தா மூச்சு முட்டாதா? ஏற்கெனவே ஊசி, குழாய், ஆளுங்கன்னு அதுங்களைச் சுத்திக் கூட்டம்..."

"ஆமாம்மா" என்றாள் நர்ஸ், படுத்தபடியே. "ஆமாம்... நெஞ்சை அடைக்குது."

மூத்தவள் துணியில் குறி போடும் சாக்பீஸை எடுத்தாள். மேசை ஓரத்தில் கிடந்த கருநீல லைனிங் துணியைப் பிரித்தாள். நான்கு வருடம் கழித்து முதல் கோடு. அது கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. ஒரு ஒட்டகச்சிவிங்கி காலை மடித்துப் படுத்தது.

"அண்ணி, ஒட்டகச்சிவிங்கின்னா உயரம்தான் விசேஷமே! இது வாத்து மாதிரி இருக்கு!" என்றான் கொழுந்தன்.

"வாத்துதான் தம்பி. இன்னும் கழுத்து வரல. பொறுங்க."

கழுத்து வந்தது. நீளமாக வளைந்து, தன் உடம்பையே ஒரு சுற்றுச் சுற்றி, முகவாயைத் தன் முதுகிலேயே வைத்துக்கொண்டது. ஒரு கண் மூடியிருந்தது. மறு கண் பாதி திறந்து, பக்கத்தில் படுத்திருப்பவரை 'நீயும் தூங்கலியா?' என்று கேட்டது. அதைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு அவள் ஒன்றும் வரையவில்லை. அதற்கப்புறம்தான் அடுத்தது.

"இனிமே வெட்டறதும் மடிக்கறதும் இந்தக் காலி இடத்துலதான். எதுக்கும் தலை போகாது."

"ஒரு சாணா!" மாமியாரால் அடக்க முடியவில்லை. "அவ்வளவு காலி இடமா? அங்க இன்னும் ரெண்டு நிக்குமேடி!"

"அங்க அந்தக் குழந்தை படுத்துக்கும் அத்தை."

நர்ஸ் எழுந்து உட்கார்ந்தாள். துணியை ஒருமுறை, மூத்தவளை ஒருமுறை பார்த்தாள். "இதுதான் வேணும். விரிப்பு, திரைச்சீலை எல்லாம். ஆனா ஒண்ணு, இந்தப் பொண்ணுதான் வரையணும். கலரும் இவங்களே பாக்கணும்."

மாமியார் முகத்தில் சந்தோஷமும் சங்கடமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. "வரையட்டும் சிஸ்டர், ஆனா கலர் பக்கம் இவளை விடறதில்ல. தப்பா நினைக்காதீங்க... முன்ன ஒருவாட்டி இவ கண்ணீர் விழுந்து ஒரு டிரம் நீலமே கெட்டுப் போச்சு."

"கண்ணீர் விழுந்தா? டிரம் எவ்வளவு பெரிசு?"

"நாப்பது லிட்டர்."

நர்ஸ் சிரித்துவிட்டாள். "நாப்பது லிட்டர் கெடற அளவுக்குக் கண்ணுல தண்ணி வந்திருந்தா, இவங்களை அன்னிக்கே எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு வந்திருக்கணும்!"

அவள் காலணியை மாட்டிக்கொண்டு, அடுத்த வாரம் சாம்பிள் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வாசல் மணி ஆடி நின்றது. மாமியார் மட்டும் அசையாமல் நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. நாற்பது லிட்டர். ஒரு சொட்டு... இரண்டு சொட்டு... நாலு வருடம் அளக்காமல் வைத்திருந்ததை இப்போது அளந்துகொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஒரு பய பொய்ச்சரக்கு வித்ததில்ல" என்றாள் கடைசியில், அடித்தொண்டையில். "இதை எனக்கு வித்தது யாரு?"

மூத்தவள் குனிந்து சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டிருந்தாள். மாமியாரின் பார்வை ஒவ்வொரு முகமாக நகர்ந்து கொழுந்தனிடம் வந்தது. எப்போதும் ஓயாத அவன் வாய், அன்றைக்குத் திறந்து திறந்து மூடியது.

"நான்தாம்மா..." அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "பாதியில விட்டுட்டு விளையாடப் போனேன்... அண்ணி தன் தலையில போட்டுக்கிட்டாங்க... நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன். அப்புறம் மேசை எனக்கு வந்துடுச்சு. நீங்க என்னைப் பாராட்டினீங்க... சொல்ல வாய் வரலம்மா! அண்ணி, என்னை அடிச்சுடுங்க அண்ணி!"

படிக்கட்டில் சத்தம். பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு சின்ன மருமகள் பாதிப் படியில் நின்றிருந்தாள்.

"அப்ப எனக்கு எட்டு மாசம்..." என்றாள். "எனக்காகவா அக்கா? நானும் சேர்ந்து 'ஈரத்துணி'ன்னு சிரிச்சேனே... ஒரு தடவையாவது என்னை அறைஞ்சிருக்கக்கூடாதா?" அங்கேயே உட்கார்ந்து விம்மினாள். காரணம் தெரியாமல் பையனும் கூடச் சேர்ந்துகொண்டான்.

மூத்தவள் மட்டும் அழவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. திரும்பினாள். கணவன் எதிரில் நின்றான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே..."

"நீங்க கேட்டிருக்கலாமே."

அவன் தலை குனிந்தான். கைகளில் காய்ந்திருந்த சாயத்தை நகத்தால் சுரண்டினான். "கேட்டா நீ சொல்லிடுவேன்னு பயந்தேன். சொல்லிட்டா தம்பியை வெளிய அனுப்பணும். அதுக்குத் தைரியம் இல்ல. உன் தலையில விழுந்ததை அப்படியே விட்டுட்டேன்... நான் பண்ணினதுதான் எல்லாத்தையும் விடப் பெரிய தப்பு."

"ஆமாங்க" என்றாள் அவள், குரல் உயர்த்தாமல். "அதுக்கு இன்னிக்கே என்னால பதில் சொல்ல முடியாது."

மாடிக்கு ஏறிப் போய்விட்டாள்.

அரைமணி கழித்து மாமியார் ஏறி வந்தாள். கையில் அளவுகோல் இல்லை. மூத்தவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மாமியார் கதவு நிலையில் சாய்ந்து, தொண்டையைச் செருமினாள்.

"நாளையிலேர்ந்து மேசையில உக்காரு."

"மாட்டேன் அத்தை."

மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. "சரி... சமையலுக்கு ஆள் போடறேன்."

"சமையல் எனக்குப் பாரமில்ல."

"சாம்பிள் புத்தகத்துல உன் பேரைப் போடச் சொல்றேன். முதல் பக்கத்துல!"

"போடுங்க. ஆனா அதுக்காகவும் வரமாட்டேன்."

"சின்னவனைப் பெட்டியைக் கட்டச் சொல்லிட்டேன். போதுமா?"

மூத்தவள் குழாயை மூடினாள். "அவரை அனுப்பினீங்கன்னா நான் கொடுத்த நாலு வருஷமும் வீணாப் போயிடும். அவர் இங்கதான் இருக்கணும். பேசத் தெரிஞ்ச மனுஷன், விக்கிற வேலையைப் பாக்கட்டும்."

"பின்ன என்னதான்டி உன் விலை? சொல்லித் தொலையேன்!"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நாலு வருஷமா, அழுகை வந்தாலே ஏதோ திருடினவ மாதிரி ஒளிஞ்சேன் அத்தை. என் கண்ணீர் பட்டா எல்லாம் கெட்டுடும்னு நானே நம்பிட்டேன். இன்னிக்குக் காலையில அந்தக் கழுத்தைப் பாத்து ஏன் அழுதேன்? அங்க தப்பு இருந்துச்சு. உங்க யார் கண்ணுக்கும் படல, எனக்குப் பட்டுது. நீங்க துணியை அளவுகோல்ல அளக்கறீங்க. எனக்கு அளவுகோல் இதுதான்." கண்ணைத் தொட்டுக் காட்டினாள். "அதை வாசல்ல வெச்சிட்டு உள்ள வான்னா, நான் வந்து என்னத்த வரையறது? இனிமே நான் அழுதா 'அழாதே'ன்னு சொல்லக்கூடாது. 'என்ன தெரிஞ்சுது?'ன்னு கேளுங்க. அதுதான் என் விலை."

மாமியார் யோசித்தாள். பழக்கம் விடுமா?

"சரி... காலையில அழுதுக்கோ. கஸ்டமர் வர்ற நேரத்துல மட்டும் வேண்டாமே?"

"பாதி விலைக்குக் கேக்காதீங்க அத்தை."

கிழவிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் உடைந்தது. உதடு கோணியது.

"உங்க மாமனார் போன மறுநாளே நான் கடையைத் திறந்தேன்டி... அன்னிக்கு அழுதிருந்தா, பொம்பள உடைஞ்சு போயிட்டான்னு கடையை அடிமாட்டு விலைக்குக் கேட்டிருப்பானுங்க. ரெண்டு பசங்களை வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? இறுக்கி அடைச்சேன். அடைச்சதை அப்புறம் திறக்கத் தெரியல... நீ வந்து நினைச்ச நேரத்துல அழுதியா... எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இவளுக்கு மட்டும் எப்படி முடியுதுன்னு... அதனாலதான் அந்தப் பொய்யை அளக்காமலே வாங்கிட்டேன். நாலு வருஷம்! பொய்ச்சரக்கைக் கொள்முதல் பண்ணி உன் தலையில கட்டினேனே... என் தப்புடி, முழுசா என் தப்பு..."

"அத்தை!"

மூத்தவள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். எலும்பும் தோலுமாக இருந்த அந்த உடம்புக்குள் எத்தனை வருடத்துத் தண்ணீர் தேங்கிக் கிடந்ததோ! மருமகளின் தோள் நனைந்தது. இருவரும் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து, யார் யாரைத் தேற்றுகிறார்கள் என்று தெரியாமல் அழுதார்கள். வாளி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மூத்தவள் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாள். கணவன் வந்து மேசையின் ஆடும் காலுக்கு அட்டை மடித்து வைத்துவிட்டுப் போனான். அவன் முதுகை அவள் கொஞ்ச நேரம் பார்த்திருந்தாள். நேற்றைக்குப் பார்த்ததைவிட அந்த முதுகு அருகில் இருந்தது.

சாயக்கடையிலிருந்து புது மஞ்சள் வந்து இறங்கியது. துணித் துண்டில் தடவிப் பார்த்தாள். தரையில் போட்டுப் பக்கத்தில் படுத்துப் பார்த்தாள். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

மாமியார் அளவுகோலோடு வந்து நின்றாள். வாய் வரைக்கும் வந்த பழைய வார்த்தையை விழுங்கினாள். தொண்டையில் அது இறங்குவது வெளியே தெரிந்தது.

"என்ன... தெரிஞ்சுது?"

"இந்த மஞ்சள் உறுத்துது அத்தை. காய்ச்சல்காரக் கண்ணுக்குக் கூசும். இன்னும் கொஞ்சம் பால் கலந்த மாதிரி வேணும்."

மாமியார் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு அது வெறும் மஞ்சளாகத்தான் தெரிந்தது. விடுவிடுவென்று போய் போனை எடுத்தாள்.

"யாருப்பா, சாயக்கடையா? மஞ்சளைத் திருப்பி எடுத்துட்டுப் போ... என்ன, கெட்டுப் போச்சாவா? எனக்கென்னய்யா தெரியும், எனக்கு நல்லாத்தான் இருக்கு. என் மருமகளுக்கு உறுத்துது!... உறுத்துதுன்னா எப்படின்னா? முப்பது வருஷமா சாயம் விக்கற, உறுத்தறதுன்னா என்னன்னு தெரியாதா உனக்கு?... இதே கலரைத்தான் ஊரெல்லாம் வாங்குதா? வாங்கட்டும்! ஊருக்கெல்லாம் இந்த மாதிரி மருமக இருக்காளா?... இரு, இரு, அவகிட்டயே குடுக்கறேன்."

போனின் வாயைக் கையால் மூடிக்கொண்டு, மூத்தவள் பக்கம் நீட்டினாள்.

"இந்தா, நீயே சொல்லு. அழுதுக்கிட்டே சொன்னாலும் சரி... விட்டுக் குடுக்காம சொல்லு."